"இதுவரை ஒன்றும் நடக்கவில்லை" என்பது பாதுகாப்பாகாது

விபத்தொன்றில் ஒருவர் உயிரிழந்தார் என்ற செய்தியைப் படிக்கும்போது மனத்தில் முதலில் எழுவது அனுதாபமே. ஆனால், அவர் மூடப்பட்டிருந்த புகையிரதக் கடவையைத் தாண்ட முற்பட்டார் என்றோ, வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்த வீதியில் வாகனத்தைச் செலுத்தினார் என்றோ அடுத்த வரியில் குறிப்பிடப்பட்டிருந்தால், அந்த அனுதாபம் கணப்பொழுதில் மறைந்து விடுகின்றது. "தானாகத் தேடிக்கொண்ட மரணம்" என்ற தீர்ப்புடன் நாம் அடுத்த செய்திக்குச் சென்று விடுகின்றோம். மரண விசாரணை அதிகாரியின் அறிக்கை வெளிவருவதற்கு முன்னரே பொதுமக்களின் தீர்ப்பு வழங்கப்பட்டு விடுகின்றது.

இத்தகைய மரணங்களை நகைச்சுவைக்குரியனவாக்கும் வழக்கம் மேலை நாடுகளில் நீண்ட காலமாக இருந்து வருகின்றது. அமெரிக்காவில் 1980களில் தோன்றிய "டார்வின் விருது" இதற்கு ஓர் உதாரணமாகும். அறிவற்ற செயலினால் தம்மைத் தாமே அழித்துக் கொண்டவர்கள் மனித குலத்தின் பரம்பரையிலிருந்து தம்மை நீக்கி, எஞ்சியோருக்கு நன்மை செய்து விட்டார்கள் என்பது இதன் குரூரமான வேடிக்கை. இவ்விருதுக்கெனத் தெரிவான 20 ஆண்டு காலச் சம்பவங்களை ஆராய்ந்த கட்டுரையொன்று பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் 2014 ஆம் ஆண்டு வெளியானது. உறுதிப்படுத்தப்பட்ட 318 சம்பவங்களில் 282 சம்பவங்கள் ஆண்களுக்குரியவை எனக் கண்டறியப்பட்டது. நத்தார் கால இதழில் வேடிக்கையாக வெளியிடப்பட்ட கட்டுரை அது. எனினும், ஆபத்தை வீரமாகக் கருதும் மனப்பாங்கு ஆண்களிடம் மிகுந்து காணப்படுகின்றது என்ற உண்மையை அது சுட்டிக்காட்டத் தவறவில்லை.

இந்த வேடிக்கையில் இரண்டு பிழைகள் உள்ளன. முட்டாள்தனமான செயல் என்பது எவரோ ஒருவர் என்றோ ஒரு நாள் செய்யும் விசித்திரமான காரியம் என அது கருதுகின்றது. முடிவெடுத்தவரே மடிகின்றார் எனவும் அது கருதுகின்றது. எமது நாட்டில் நிகழ்ந்த சம்பவங்கள் சிலவற்றை ஆராய்ந்தால் இவ்விரு கருத்துகளும் நிலைபெற மாட்டா.

2005 ஆம் ஆண்டு ஏப்ரல் 27 ஆம் திகதி பொல்கஹவெலவுக்கு அருகிலுள்ள யாங்கல்மோதர புகையிரதக் கடவையில் இடம்பெற்ற அனர்த்தத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குருநாகலிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற தனியார் பஸ் வண்டி, புகையிரதம் வருகின்றது என்ற எச்சரிக்கையைப் புறக்கணித்துக் கடவைக்குள் நுழைந்தது. கண்டி நோக்கிச் சென்ற கடுகதி புகையிரதம் அதனை மோதியது. சுமார் 40 பயணிகள் உயிரிழந்தனர். மற்றொரு பஸ் வண்டியை முந்திச் செல்லும் போட்டியே இதற்குக் காரணமென அப்போது கூறப்பட்டது. முடிவெடுத்தவர் ஒருவர், மாண்டவர்களோ பயணச் சீட்டைப் பெற்றுக்கொண்டு ஆசனத்தில் அமர்ந்திருந்தவர்கள்.

ஒரு சாரதி இத்தகைய முடிவை எவ்வாறு எடுக்கின்றார்? அவருக்குப் புகையிரதத்தின் பலம் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அதனைவிட நன்றாகத் தெரிந்த மற்றொரு விடயமும் உண்டு. இவ்வாறு பலமுறை கடந்திருந்தும் எதுவுமே நிகழவில்லை என்பதே அது.

ஒரு சிறு கணக்கின் மூலம் இதனை விளக்கலாம். ஆபத்தான செயலொன்றைச் செய்யும் ஒவ்வொரு தடவையும் உயிரிழக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று எனக் கற்பனை செய்து கொள்வோம். 100 பேர் அதனை நாளொன்றுக்கு இரு தடவை, வருடத்தில் 300 நாட்கள் செய்வதாகக் கொண்டால், ஒரு வருட முடிவில் ஏறத்தாழ 55 பேர் எவ்விதக் காயமுமின்றி எஞ்சியிருப்பர். 600 தடவை செய்தும் தமக்கு எதுவும் ஆகவில்லை என அவர்கள் அடித்துக் கூறுவர். அவர்கள் கூறுவதில் பொய்யும் இல்லை. ஆனால் அதே பழக்கம் தொடருமாயின், ஐந்து வருட முடிவில் எஞ்சுவோர் ஏறத்தாழ ஐந்து பேர் மாத்திரமே. அந்த ஐவரே ஊரில் மிகுந்த அனுபவசாலிகளாக மதிக்கப்படுவர் என்பதுதான் வேதனைக்குரிய விடயம். ஏனைய 95 பேரும் சாட்சி சொல்ல வரப்போவதில்லை.

பட்டறிவே சிறந்த ஆசான் என எமது முன்னோர் கூறினர். விவசாயத்திலும் வணிகத்திலும் அது உண்மை. ஆனால் அரிதாகவே நிகழ்ந்து, நிகழும்போது உயிரையே பறிக்கும் ஆபத்துகளைப் பொறுத்தவரை பட்டறிவு பிழையான பாடத்தையே போதிக்கின்றது. ஒவ்வொரு முறை தப்பும்போதும் "இது ஆபத்தில்லை" என்றே அது கூறும். உண்மையைக் கூறும் நாளில் அதனைக் கேட்பதற்கு மாணவன் உயிருடன் இருப்பதில்லை.

கண்களும் இவ்விடத்தில் எம்மை ஏமாற்றக்கூடியவையே. பருமனான பொருளொன்று தொலைவிலிருந்து எம்மை நோக்கி வரும்போது, அது உண்மையான வேகத்தைவிட மெதுவாக வருவதாகவே தோன்றும். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் வரும் புகையிரதம் ஒரு செக்கனில் 22 மீற்றர் தூரத்தைக் கடக்கின்றது. இயந்திரச் சாரதி பஸ்ஸைக் கண்டவுடன் தடையை அழுத்தினாலும் புகையிரதம் நிற்பதற்குப் பல நூறு மீற்றர் தேவை. பஸ் சாரதி தவறை உணரும்போது அதனைத் திருத்தும் சக்தி உலகில் எவரிடமும் இருப்பதில்லை.

கல்வியறிவு குறைந்தவர்களே இவ்வாறு தவறிழைக்கின்றனர் என எண்ணுவோமாயின் அதுவும் தவறு. 1986 ஆம் ஆண்டு ஜனவரி 28 ஆம் திகதி அமெரிக்காவின் சலேஞ்சர் விண்ணோடம் புறப்பட்டு 73 செக்கன்களில் வெடித்துச் சிதறியது. அதிலிருந்த ஏழு பேரும் மாண்டனர். உந்துகணையின் மூட்டுகளை அடைத்திருந்த இறப்பர் வளையங்கள் குளிரில் இறுகிச் செயலிழந்தமையே இதற்கான காரணமாகும். முன்னைய பயணங்களிலேயே அவ்வளையங்கள் அரிக்கப்பட்டிருந்தமை பொறியியலாளர்களுக்குத் தெரியும். முதல்நாள் இரவு சிலர் கடுமையாக எச்சரித்தும் இருந்தனர். எனினும், முன்னர் அரிப்பு ஏற்பட்டபோதெல்லாம் விண்ணோடம் பத்திரமாகத் திரும்பி வந்தது. எனவே அரிப்பு என்பது ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றாகிவிட்டது. இது குறித்து 1996 இல் நூலொன்றை எழுதிய சமூகவியலாளர் டயான் வோகன், விதிமீறல் படிப்படியாக வழமையாகி விடும் நிலை என இதனை விளக்கினார். நாஸாவின் விஞ்ஞானிகளையும் எமது வீதியின் பஸ் சாரதியையும் வழிதவறச் செய்தது ஒரே தர்க்கம்தான்.

எமது கிராமங்களில் ஆண்டுதோறும் கோடை காலத்தில் நிகழும் கிணற்று மரணங்களும் இவ்வகையினவே. மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ இயங்கும் நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி இயக்கியவர் மூச்சுத்திணறி மாண்டார் என்ற செய்தியைப் படிக்கும் நகரவாசி, "இயந்திரத்தை யாராவது கிணற்றுக்குள் வைப்பார்களா?" என வியப்படைகின்றார். அதற்கு நியாயமான காரணமொன்று உண்டு. உறிஞ்சி இறைக்கும் இயந்திரம் வளிமண்டல அமுக்கத்தின் துணையுடனேயே நீரை மேலே இழுக்கின்றது. கோட்பாட்டளவில் சுமார் 10 மீற்றருக்கு மேலும், நடைமுறையில் ஏழு அல்லது எட்டு மீற்றருக்கு மேலும் அதனால் நீரை உறிஞ்ச இயலாது. கோடையில் நீர்மட்டம் அதற்குக் கீழே சென்றவுடன், வெங்காயமும் மிளகாயும் கருகுவதைக் காணச் சகியாத விவசாயி இயந்திரத்தை நீருக்கு அருகில் இறக்குகின்றார். அவருடைய பௌதிகவியல் சரியானது. அவர் கவனத்திற் கொள்ளாதது இரசாயனவியலை.

இயந்திரம் வெளியேற்றும் புகையில் காபனோரொட்சைட்டு என்ற வாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான நாட்டத்துடன் இணைகின்றது. காற்றோட்டமற்ற கிணற்றில் சில நிமிடங்களிலேயே அது உயிராபத்தான அளவை எட்டிவிடலாம். இலேசான தலைச்சுற்றலும் அதனைத் தொடர்ந்து கால்களில் பலவீனமும் ஏற்படும். ஏணியில் ஏற வேண்டுமென்று மனம் எண்ணும்போது உடல் ஒத்துழைக்காது. இயந்திரம் நின்ற பின்னரும் வாயு அங்கேயே தங்கியிருக்கும். விளக்கொன்றைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் பழைய முறை ஒட்சிசன் குறைவை அறிய உதவலாமேயன்றிக் காபனோரொட்சைட்டைக் காட்டாது. எரியும் விளக்கை நம்பி இறங்கியவரும் திரும்பாமற் போகலாம்.

இதனைவிடக் கொடிய விடயம் அதற்குப் பின்னரே நிகழ்கின்றது. தந்தை விழுந்து கிடப்பதைக் காணும் மகன் இறங்குகின்றான். அவனும் விழ, அயலவர் இறங்குகின்றார். ஒரே கிணற்றில் ஒரே நாளில் இரண்டு, மூன்று பேர் மாண்டதாக வெளிவரும் செய்திகளின் பின்னணி இதுவே. இரண்டாவதாக இறங்கியவரை முட்டாள் எனக் கூற எவருக்குத் துணிவு வரும்? பாசமே அவரை இறக்கியது. ஆகவேதான் இதனை முன்கூட்டியே கற்பிக்க வேண்டியுள்ளது. கிணற்றினுள் ஒருவர் மயங்கி விழுந்தால் சுவாச உபகரணம் இன்றி மற்றொருவர் இறங்கக்கூடாது. இயந்திரத்தை வெளியில் வைத்து இயக்குவதோ, நீரினுள் அமிழ்ந்து இயங்கும் மின் பம்பியைப் பயன்படுத்துவதோதான் பாதுகாப்பான வழி. வேறு வழியின்றிக் கிணற்றில் இறங்குபவர் முதலிலேயே இடுப்பில் கயிறு கட்டியிருந்தால், மேலே நிற்பவர்கள் தாம் இறங்காமலேயே அவரை இழுத்தெடுக்கலாம். ஒரு கயிறு மூன்று உயிர்களைக் காக்கக்கூடும்.

பயிர்களைக் காட்டு விலங்குகளிடமிருந்து காப்பதற்காக வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் பாய்ச்சும் சட்டவிரோதச் செயலும் இங்கு குறிப்பிடத்தக்கது. அனுமதிக்கப்பட்ட யானை வேலியும் மின்சாரத்தையே பயன்படுத்துகின்றது என்பதால் இரண்டும் ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. யானை வேலியின் மின் உயர் அழுத்தமுடையதாயினும், ஏறத்தாழ ஒரு செக்கனுக்கு ஒரு தடவை, கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைந்த துடிப்பாகவே வருகின்றது. தொட்டவர் அதிர்ச்சியுடன் விலகி விடலாம். 230 வோல்ற்று வீட்டு மின்சாரம் இடைவிடாது பாய்கின்றது. அது கையின் தசைகளை இறுகச் செய்து கம்பியை விடமுடியாமற் செய்கின்றது. இதயத் துடிப்பைக் குலைக்கின்றது. கம்பியை இட்டவர் அதன் இடத்தை அறிவார். ஆனால் விடியற்காலையில் அவ்வழியே செல்லும் அயல் வீட்டார் அறியமாட்டார்கள். சில வேளைகளில் அதனைத் தொடுபவர் கம்பியை இட்டவரின் சொந்தப் பிள்ளையாகவும் இருந்து விடுகின்றார்.

வெள்ளம் பற்றியும் கூறியாக வேண்டும். 2024 நவம்பர் 26 ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தில் காரைதீவு, மாவடிப்பள்ளி வீதியை ஊடறுத்துப் பாய்ந்த வெள்ளத்தில், மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் கவிழ்ந்தது. சிறுவர்கள் பலர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தனர். வீட்டுக்குத் திரும்பிக் கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். அத்துயரத்தில் கிழக்கின் தமிழ், முஸ்லிம் ஊர்கள் யாவும் பங்கு கொண்டன.

மாரி காலத்தில் ஏனைய வாகனங்கள் நின்றுவிடும் இடத்தில் உழவு இயந்திரம் செல்லும் என்பது கிழக்கிலும் வன்னியிலும் வேரூன்றிய நம்பிக்கை. பல ஆண்டுகளாக அது நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் ஏற்றிச் சென்று இந்த நம்பிக்கையைச் சம்பாதித்தும் உள்ளது. ஆனால் தேங்கி நிற்கும் நீரும் பாயும் நீரும் ஒன்றல்ல. பாயும் நீரின் வேகம் இரு மடங்காகும்போது அது தள்ளும் விசை நான்கு மடங்காகின்றது. 15 சென்ரிமீற்றர் ஆழமான வேகமான நீரோட்டம் வளர்ந்த மனிதரின் காலை வாரிவிடப் போதுமானது. 30 சென்ரிமீற்றர் ஆழம் சிறிய கார்களை மிதக்கச் செய்யும். 60 சென்ரிமீற்றர் ஆழமான நீரோட்டம் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் சென்றுவிடும். உழவு இயந்திரத்தின் பாரம் அதனை ஓரளவு காக்கலாம். ஆனால் பின்னால் இணைக்கப்பட்ட பெட்டியோ பக்கவாட்டில் வரும் நீருக்கு முன்னால் பலகையாலான மதில் போன்றது. கலங்கிய நீரின் கீழே வீதியின் ஓரம் அரித்துச் செல்லப்பட்டிருந்தால் அதனைக் காண்பதற்கும் வழியில்லை. நேற்றுச் சென்று வந்த அதே வீதி இன்று அதே வீதியாக இருப்பதில்லை.

மரணத்தின் பழியைத் தனிமனிதரின் அறிவீனத்தின் மீது சுமத்துவதற்கு முன்னர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அவருக்கு வேறு வழி இருந்ததா என்பதே அது. 2021 நவம்பர் 23 ஆம் திகதி கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்ததில் பாடசாலை மாணவர் உட்பட ஆறு பேர் அன்றைய தினமே உயிரிழந்தனர். பாலத்தின் நிர்மாணப் பணிகள் நிறைவடையாத நிலையில், மக்கள் அந்தப் பாதையை நம்பியிருந்தனர். காலையில் பாடசாலை மணி ஒலிப்பதற்கு முன்னர் அக்கரையை அடையவேண்டிய பிள்ளையிடம் "ஏன் ஏறினாய்?" எனக் கேட்பதில் அர்த்தமில்லை. இங்கும் "இதுவரை ஒன்றும் நடக்கவில்லை" என்ற அதே தர்க்கம் செயற்பட்டது. ஆனால் அது செயற்பட்ட இடம், மாற்று வழியை ஏற்படுத்தும் பொறுப்பு யாரிடம் இருந்ததோ அவர்களிடத்திலாகும்.

இத்தகைய அனர்த்தங்களின் பின்னர் விதி என்றும் இறை நாட்டம் என்றும் கூறி ஆறுதல் அடைவது எமது இரு சமூகங்களினதும் மரபு. உறவை இழந்து தவிக்கும் குடும்பத்துக்கு அந்த நம்பிக்கை ஊன்றுகோலாக அமைவதை எவரும் குறைகூற முடியாது. ஆனால் கடவைக்குக் காவலாளியை நியமிக்காத அதிகாரியும், வெள்ளம் பாயும் வீதியை மூடாத நிர்வாகமும் அதே வார்த்தையின் பின்னால் ஒளிந்துகொள்ள இடமளிக்கலாகாது. "அவருடைய விதி" என்பதும் "அவருடைய முட்டாள்தனம்" என்பதும் பார்வைக்கு எதிரெதிரான கூற்றுகள். எனினும் இரண்டும் ஒரே காரியத்தையே செய்கின்றன. அவை விசாரணையை முடித்து வைக்கின்றன.

விசாரித்து, காரணத்தைக் கண்டறிந்து, பொருளையோ சூழலையோ மாற்றியமைத்தால் உயிர்களைக் காக்கலாம் என்பதற்கு எமது நாட்டிலேயே சிறந்த உதாரணம் உண்டு. மின்சாரம் இல்லாத வீடுகளில் போத்தலில் திரியிட்டு எரிக்கும் மண்ணெண்ணெய் விளக்கு தட்டுப்பட்டு விழுந்து, எண்ணற்ற பெண்களும் பிள்ளைகளும் தீக்காயமடைந்து வந்தனர். அவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, கவனமாக இருங்கள் என்று உபதேசிப்பதுடன் நின்றுவிடவில்லை. உருளாமல் இருப்பதற்கு இருபுறமும் தட்டையான, தடித்த கண்ணாடியாலான, குட்டையான விளக்கொன்றை அவர் வடிவமைத்தார். விழுந்தாலும் எண்ணெய் சிந்தாதவாறு அதற்குத் திருகு மூடி இடப்பட்டது. "சுதீப" எனப் பெயரிடப்பட்ட அவ்விளக்குக்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மனிதர் தவறு செய்வர் என்பதை ஏற்றுக்கொண்டு, அத்தவறு உயிரைப் பறிக்காதவாறு விளக்கைத் திருத்தியமையே அவருடைய மேதைமை.

நாம் செய்யக்கூடியவையும் பல உண்டு. மரணம் நிகழ்ந்த பின்னர் கூடிப் பேசுவதைவிட, மயிரிழையில் தப்பிய சம்பவங்களைப் பற்றிப் பேசுவது பயனுள்ளது. வெள்ளத்தில் வாகனம் தள்ளாடிக் கரைசேர்ந்த கதையை வீரக்கதையாக அல்லாது எச்சரிக்கையாகச் சொல்லப் பழக வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கங்கள், விவசாய சம்மேளனங்கள், பள்ளிவாசல், ஆலய நிர்வாக சபைகள் ஆகியன கோடை தொடங்குமுன் கிணறுகளைப் பற்றியும், மாரி தொடங்குமுன் வீதிகளைப் பற்றியும் கலந்துரையாடலாம். நீர் இறைக்கும் இயந்திரங்களை விற்போர் அவற்றின் மீது தமிழிலும் சிங்களத்திலும் எச்சரிக்கையைப் பொறிக்குமாறு கட்டாயப்படுத்தப்பட வேண்டும். வெள்ளம் பாயும் இடங்களில் ஆழங்காட்டும் கம்பங்களை நட்டு, குறித்த அளவைத் தாண்டியவுடன் வீதியை மூடும் அதிகாரத்தை உள்ளூரில் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். நாளாந்த வசூலே வருமானம் என்ற நிலையில் பஸ் ஊழியர்களை ஓடவிட்டு, பின்னர் அவர்கள் போட்டியிடுகின்றார்கள் எனக் குறைகூறுவதில் பயனில்லை. 1990 என்ற சுவசெரிய நோயாளர் காவு வண்டிச் சேவையின் இலக்கத்தை வீட்டிலுள்ள சிறுவரும் அறிந்திருக்க வேண்டும்.

பயணிகளுக்கும் ஒரு கடமை உண்டு. சாரதி பஸ்ஸை மெதுவாகச் செலுத்தினால் முணுமுணுக்கும் நாம், அவர் கடவைத் தடுப்பைச் சுற்றிச் செல்லும்போது மௌனமாக இருக்கின்றோம். ஒருவர் குரல் எழுப்பினால் ஏனையோரும் எழுப்புவர். அந்தக் குரல் வாகனம் தண்டவாளத்தில் ஏறுவதற்கு முன்னர் எழ வேண்டும்.

முட்டாள்தனம் என்ற சொல் எமக்கு ஒரு வசதியைத் தருகின்றது. மாண்டவர் எம்மைப் போன்றவர் அல்லர், ஆகவே எமக்கு அது நேராது என்ற நிம்மதியே அந்த வசதி. உண்மை வேறு. இன்று காலையும் யாரோ ஒருவர் மூடிய கடவையைத் தாண்டிப் பத்திரமாக வேலைக்குச் சென்றிருப்பார். யாரோ ஒருவர் தலைக்கவசத்தை மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் தொங்கவிட்டவாறு கடைக்குச் சென்று திரும்பியிருப்பார். இவர்கள் எவரும் செய்தியில் இடம்பெற மாட்டார்கள். அடுத்த செய்தி இவர்களில் ஒருவரைப் பற்றியதாகவே இருக்கும். அது அச்சேறுவதற்கு முன்னர், அவர் உயிருடன் இருக்கும்போதே, அவரிடம் ஒரு வார்த்தை சொல்வது அவரைச் சூழவுள்ள அனைவரதும் கடமையாகும்.